ஆற்றுக்கு இரண்டு படிவம்

சித்திரை மாதம். பாம்பாற்றில்
தண்ணீர் என்று சொல்ல
பாறைக் குழிகளில் எட்டு. எண்ணிவிட்டேன்.
கணக்கில் நான் கெட்டிக்காரி,
அதனால்தான் அணில்கூடு எண்ண என்னை அனுப்புகிறார்கள்,
பதினான்கு வருடமாக.

மேலே சரிவு முழுக்கக் கல்லும் வெயிலும்.
உசில் தன் இலைகளைக் கைவிட்டு நிற்கிறது.
கிளுவையின் பட்டை செப்புத் தாளாக உரிந்து
காற்று வரும்போதெல்லாம் படபடக்கிறது.
சதுரக்கள்ளிப் புதரிலிருந்து ஒரு கௌதாரி
என்னை வைதுவிட்டு மறுபடி உள்ளே போகிறது.
விராலிக்கடியில் கட்டாமை.
முதுகில் அத்தனை நட்சத்திரம் வைத்துக்கொண்டு
கல்போலக் கிடக்கிறது.
கோடை மழை விழுகிறவரை
அது எதையும் நம்பாது.

ஐம்பதடி இறங்கினால் வேறு காலம்.
வெளுத்த தொடைகளோடு நீர்மருது.
புங்கன் பூக்கொட்டி
பாறையெங்கும் பொரி சிந்திக் கிடக்கிறது.
மணலில் நீர்நாய் போட்டுப்போன மீன்செதில்,
இன்னும் மின்னுகிறது.

எதிர்க்கரையில் நாச்சிமுத்து.
அவன் தமிழ்நாட்டு வனக்காவலன்,
நான் கேரளத்து வனக்காவல்காரி.
அவன் படிவத்தில் 'சாம்பல் அணில்'.
என் படிவத்தில் மலையாளத்தில் 'சாம்பல் மலையண்ணான்'.
"எங்க அணிலு ஆத்தத் தாண்டுனா
உங்களுக்கு அண்ணனாயிருதா?"
வருடம் தவறாமல் கேட்பான்.
வருடம் தவறாமல் நான் சிரிப்பதில்லை.

சென்ற வருடம் அவனுக்குப் பதினொன்று,
எனக்கும் பதினொன்று.
ரேஞ்சர் ஷிபு சார் லட்டு வாங்கிக் கொடுத்தார்.
காலையில் என் மருதில் தின்று
மதியம் அவன் புளியில் தூங்கிய ஒன்றை
இரண்டு பேரும் எழுதியிருந்தோம்.
லட்டு நன்றாக இருந்தது.
சொல்லவில்லை.

அப்போது பாலம் இருந்தது.
என் கரை மருதின் கிளையும்
அவன் கரைப் புளியின் கிளையும்
நடு ஆற்றுக்கு மேலே விரல் கோத்திருந்தன.
கார்த்திகை வெள்ளம் மருதை வேரோடு சாய்க்காமல்
இடுப்பில் முறித்துக் கொண்டுபோனது.

இன்று அது
என் பக்கம், முறிந்த மரத்துக்கு அடுத்த நாவலில்.
கூடு அவன் பக்கம்.
கிளை நுனி மட்டும் வந்தது, திரும்பியது,
வந்தது.
தொண்டைக்குள் கல் உருட்டுவதுபோல் ஒரு சத்தம்.
உச்சியில் குடுமிப் பருந்து
வேறெங்கோ பார்ப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

பிறகு இறங்கியது.

பதினான்கு வருடத்தில்
அதன் கால் மண்ணில் பட நான் பார்த்ததில்லை.
மரத்தில் வாலாக இருந்தது
தரையில் சுமை.
யாரோ இரவல் கொடுத்த நீளச் சேலையோடு
தெருவைக் கடப்பவள்போல்
நின்று, ஓடி, நின்று.
மூன்றாம் குழியருகே குனிந்து
தண்ணீர் குடித்தது.
குடிக்காதேடி என்றேன், வாய்க்குள்.
அக்கரையில் நாச்சிமுத்துவின் பீடி
விரலைச் சுட்டிருக்க வேண்டும்,
கையை உதறினான், கண்ணை எடுக்கவில்லை.

பருந்து சிறகை விரித்தது.
அதற்குள் புளியின் அடித்தூரில்
ஒரு சாம்பல் கோடு மேலேறியது.

"எழுதீட்டீங்களா அக்கா?"
"நீ எழுதுப்பா."
"உங்க கரையிலதான மொதல்ல..."
"எழுதுன்னு சொல்றேன்ல."

என் படிவத்தில்
மரத்தின் பெயர், உயரம், கூடு,
குடியிருப்பு உண்டு, இல்லை.
தரைக்குக் கட்டம் கிடையாது.
குறிப்பு என்ற இடத்தில்
'இறங்கி நடந்தது' என்று தமிழில் எழுதினேன்.
ஷிபு சார் கேட்டால் வாசித்துக் காட்டலாம்.

போகும் வழியில் முறிந்த மருதைப் பார்த்தேன்.
தளிர்விட்டிருக்கிறது, என் முழங்கால் உயரம்.
நுனியை யானை கடித்திருக்கிறது.
இது நடு ஆறு போய்ச்சேர எத்தனை வருடம்?

கணக்கில் நான் கெட்டிக்காரி.
பேனாவை மூடி
அடுத்த மரத்துக்குப் போனேன்.